ஃபெட்ச் வழியாகத் தரவு பெறுதல்: 500 வந்தும் கேட்ச் இயங்கவில்லை, பழைய பதில் புதிய பதிலை அழித்துவிடுகிறது

அரைப்புள்ளி கேட்டது:

வணக்கம். புத்தகப் பட்டியலில் தேடும் பக்கம் ஒன்றை ஜேக்குவெரி, ரியாக்ட் போன்ற நூலகம் எதையும் சேர்க்காமல் வெறும் ஜாவாஸ்கிரிப்டில் எழுதி வருகிறேன். பயனர் தேடல் பெட்டியில் தட்டச்சு செய்யச் செய்ய, அந்தச் சொல்லை உலாவியின் ஃபெட்ச் செயற்கூறு மூலம் சேவையகத்துக்கு அனுப்பி, ஜேசன் என்ற தரவு வடிவில் வரும் பட்டியலைக் கீழே வரைகிறேன். முடிவு வரும்வரை காத்திருக்கச் செய்யும் அவெயிட்டைப் போட வேண்டிய இடங்களில் போட்டிருக்கிறேன். பெரும்பாலும் ஒழுங்காகவே இயங்குகிறது. ஆனாலும் பின்வரும் சிக்கல்கள் தீரவில்லை.

சேவையகத்தில் ஏதாவது கோளாறு ஏற்பட்டு 500 என்ற நிலைக் குறியீடு திரும்பி வரும்போது, ஃபெட்ச் வரியைச் சுற்றி நான் எழுதியிருக்கும், பிழைகளைப் பிடிக்கும் கேட்ச் பகுதி இயங்குவதே இல்லை. அதைத் தாண்டிப் போய், பதிலை ஜேசனாக மாற்றும் வரியில்தான் "எதிர்பாராத குறி" என்று ஒரு பிழை எழுகிறது. அந்தக் குறி எப்போதும் ஒரு கோண அடைப்பாகவே இருக்கிறது. இதைவிடக் குழப்பம் தருவது என்னவென்றால், பக்கத்தை நெடுநேரம் திறந்து வைத்துவிட்டுப் பிறகு தேடினாலும் இதே பிழை வருகிறது. அந்த வேளையில் உலாவியின் நெட்வொர்க் தாவலில் பார்த்தால் நிலைக் குறியீடு, வெற்றியைக் குறிக்கும் 200 என்றே இருக்கிறது.

அடுத்தது, வேகமாகத் தட்டச்சு செய்தால், சில நேரங்களில் முழுச் சொல்லுக்கான முடிவுகள் ஒரு கணம் தோன்றிவிட்டு, முதல் இரண்டு எழுத்துக்கான முடிவுகள் வந்து அவற்றின் இடத்தில் உட்கார்ந்துகொள்கின்றன.

கடைசியாக, விருப்பப் பட்டியலைச் சேமிக்கும் சேவை அதே கணினியில் வேறொரு போர்ட்டில் இயங்குகிறது. அதிலிருந்து கெட் முறையில் படிக்க முடிகிறது. ஆனால் ஜேசன் உடலோடும் உள்நுழைவுக் குக்கியோடும் போஸ்ட் அனுப்பினால் சிஓஆர்எஸ் (வேறு மூலத்துக்குப் போகும் கோரிக்கைகளுக்கு உலாவி வைத்திருக்கும் விதி) பிழை வருகிறது. அந்தச் சேவையில் எல்லா மூலங்களையும் அனுமதிக்கும் நட்சத்திரக் குறி ஏற்கெனவே வைக்கப்பட்டிருக்கிறது. போஸ்ட்மேன் என்ற சோதனைக் கருவியில் இதே கோரிக்கை சிக்கலின்றிப் போகிறது.

வலைநெசவு எழுதியது:

முதல் சிக்கலை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஃபெட்ச் தரும் ப்ராமிஸ் (பின்னர் வரப்போகும் முடிவுக்கான பொருள்) நிறைவேறிவிட்டது என்றால், சேவையகம் ஏதோ ஒரு பதில் சொல்லிவிட்டது என்று மட்டுமே பொருள். நீங்கள் கேட்டது கிடைத்துவிட்டது என்று பொருளில்லை. இணைப்பே கிடைக்கவில்லை, டொமைன் பெயரைக் கண்டறிய முடியவில்லை, உலாவியே கோரிக்கையைத் தடுத்துவிட்டது என்பன போன்ற நிலைகளில்தான் அந்த ப்ராமிஸ் முறிந்து கேட்சுக்குப் போகும். 404, 500 ஆகியவை உலாவியின் கண்ணுக்கு முறையாக வந்து சேர்ந்த பதில்களே. இது ஃபெட்சோடு புதிதாக வந்த வழக்கமும் அல்ல. 1999-இல் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5 கொண்டுவந்த எக்ஸ்எம்எல்ஹெச்டிடிபி பொருளின் வழிவந்த எக்ஸ்எம்எல்ஹெச்டிடிபி-ரிக்வெஸ்டிலும், 404 வந்தால் "லோட்" நிகழ்வுதான் எழும், "எரர்" நிகழ்வு எழாது. ஜேக்குவெரி, அக்ஸியோஸ் ஆகிய நூலகங்கள் 200-களுக்கு வெளியே உள்ள குறியீடுகளைத் தாமாகவே பிழையாக மாற்றிக் கொடுத்ததால்தான், கேட்ச் எல்லாவற்றையும் பிடித்துவிடும் என்ற எண்ணம் பலருக்கும் படிந்துவிட்டது. ஆகவே பதில் பொருளின் "ஓகே" என்ற பண்பை நீங்களே பார்க்க வேண்டும். குறியீடு 200 முதல் 299 வரை இருந்தால் அது உண்மை, மற்றபடி பொய். பொய்யானால் நிலைக் குறியீட்டைச் சேர்த்து ஒரு பிழையை நீங்களே வீச வேண்டும்.

இதனோடு ஒட்டிய இன்னொன்றும் உங்கள் நிரலில் இருப்பதாகத் தெரிகிறது. பதிலின் தலைப்பகுதி, அதாவது நிலைக் குறியீடும் ஹெட்டர்களும் வந்தவுடனேயே முதல் அவெயிட் முடிந்துவிடுகிறது. உடல் அப்போதும் வந்துகொண்டே இருக்கலாம். அதனால்தான் ஜேசன் செயற்கூறும் தனியாக ஒரு ப்ராமிஸைத் தருகிறது, அதற்கும் ஓர் அவெயிட் தேவைப்படுகிறது. உடல் பாதி வந்த நிலையில் இணைப்பு அறுந்தால், பிழை இந்த இரண்டாவது அவெயிட்டில்தான் எழும். நீங்கள் ஃபெட்ச் வரியை மட்டும் கேட்சுக்கு முந்தைய ட்ரை பகுதிக்குள் வைத்து, ஜேசன் வரியை வெளியே விட்டிருக்கிறீர்கள். இரண்டும் ஒரே ட்ரைக்குள் இருக்க வேண்டும்.

கோண அடைப்பு எங்கிருந்து வருகிறது என்பதை எளிதாகச் சொல்லிவிடலாம். ஹெச்டிஎம்எல் ஆவணம் அந்தக் குறியில்தான் தொடங்கும். 500 வரும்போது சேவையகம் மனிதர்கள் படிப்பதற்கான பிழைப் பக்கத்தை அனுப்புகிறது, நீங்கள் அதை ஜேசனாகப் பிரிக்கப் பார்க்கிறீர்கள். நெடுநேரம் கழித்து 200 உடன் அதே பிழை வருவதற்குக் காரணம், ஏறக்குறைய உறுதியாக, உள்நுழைவு காலாவதியாவதுதான். காலாவதியான கோரிக்கையைச் சேவையகம் 302 கொடுத்து உள்நுழைவுப் பக்கத்துக்குத் திருப்பிவிடுகிறது. ஃபெட்ச் இயல்பாகவே திருப்பல்களைப் பின்தொடர்ந்து போய்விடும் என்பதால், அந்தப் பக்கத்தின் ஹெச்டிஎம்எல்லும் அதன் 200 குறியீடும் உங்கள் கைக்கு வருகின்றன. பதில் பொருளின் "ரீடைரக்டட்" பண்பை அச்சிட்டுப் பாருங்கள். உண்மை என்று காட்டினால் நோய் இதுதான். நெட்வொர்க் தாவலில் அந்த வரிக்குச் சற்று மேலேயே 302 வரி ஒன்றும் இருக்கும். 

சரியான தீர்வு சேவையகத்தில் இருக்கிறது. தரவுக்கான முகவரிகளில் உள்நுழைவு இல்லாதபோது திருப்பிவிடாமல், உள்நுழைய வேண்டும் என்று சொல்லும் 401 தர வேண்டும். அதை மாற்றும் உரிமை உங்களுக்கு இல்லையென்றால், உங்கள் பக்கத்தில், உடலின் வகையைச் சொல்லும் கான்டென்ட்-டைப் ஹெட்டரைப் பார்த்து, அதில் ஜேசன் என்று இல்லாவிட்டால் பிரிக்க முயலாமலேயே பிழை வீசுங்கள்.

இவ்வளவையும் ஒவ்வொரு இடத்திலும் எழுதுவது வீண். எல்லாக் கோரிக்கைகளும் கடந்து போகும் ஒரே ஒரு அசிங்க் (அதாவது உள்ளே அவெயிட் போடக்கூடிய) செயற்கூறு எழுதிக்கொள்ளுங்கள். நான் எழுதுவதாக இருந்தால், உடலை நேரடியாக ஜேசனாகக் கேட்காமல் முதலில் வெறும் உரையாகப் படிப்பேன். ஏனென்றால் பதிலின் உடலை ஒருமுறைதான் படிக்க முடியும். ஜேசனாகப் படிக்கப் போய்த் தோற்றுவிட்டால், உண்மையில் என்ன வந்தது என்று பார்ப்பதற்காக மறுபடி உரையாகப் படிக்க முயலும்போது, உடல் ஏற்கெனவே படிக்கப்பட்டுவிட்டது என்று இன்னொரு பிழைதான் கிடைக்கும். உரை கையில் இருந்தால், ஓகே பொய்யாக இருக்கும்போது அந்த உரையின் முதல் சில நூறு எழுத்துகளைப் பிழையோடு சேர்த்து வீசலாம். 204 போல உடலே இல்லாத பதில் வந்தால், வெற்று உரையைப் பிரிக்க முயன்று விழாமல், "நல்" என்ற வெற்று மதிப்பைத் திருப்பித் தரலாம். மற்ற நேரங்களில் ஜேசன் பார்ஸ் செயற்கூற்றிடம் கொடுத்துவிடலாம். மிகப் பெரிய பதில்களுக்கு இந்த வழி நினைவகத்தைக் கூடுதலாக எடுத்துக்கொள்ளும் என்பது உண்மைதான். தேடல் முடிவுகளின் அளவுக்கு அது ஒரு பொருட்டே அல்ல.

மடைத்திறப்பு எழுதியது:

இரண்டாவது சிக்கலுக்கு வருகிறேன். அனுப்பிய வரிசையிலேயே பதில்கள் வந்து சேரும் என்று எந்த உறுதியும் கிடையாது. இரண்டு எழுத்துக்கான தேடல் ஆயிரக்கணக்கான வரிகளோடு பொருந்துவதால் சேவையகத்துக்கு அதிக நேரம் எடுக்கும், முழுச் சொல்லுக்கான தேடல் உடனே முடிந்துவிடும். ஆகவே முந்திப் போனது பிந்தி வருவது இங்கே விதிவிலக்கு அல்ல. உங்கள் பயன்பாட்டில் அது இயல்பாகவே நடக்கும்.

தட்டச்சு நின்று 300 மில்லிநொடி கழித்து அனுப்பினால் போதும் என்று பலர் சொல்வார்கள். கோரிக்கைகளின் எண்ணிக்கையைக் குறைக்க அது நல்ல வழி. ஆனால் இந்தக் கோளாறை அது அரிதாக்கும், நீக்காது. அரிதாகிவிட்ட கோளாறைக் கண்டுபிடிப்பது இன்னும் கடினம். நீக்குவதற்கு, கோரிக்கையை ரத்து செய்ய உதவும் அபார்ட்-கன்ட்ரோலர் வேண்டும். ஒவ்வொரு தேடலுக்கும் புதிதாக ஒரு கன்ட்ரோலரை உருவாக்கி, அதன் சிக்னலை ஃபெட்சின் விருப்பங்களில் கொடுங்கள். அடுத்த தேடல் தொடங்கும் முன் பழைய கன்ட்ரோலரின் அபார்ட் செயற்கூற்றை அழையுங்கள். ஒரு கன்ட்ரோலரை ஒருமுறை ரத்து செய்துவிட்டால் அதை மறுபடி பயன்படுத்த முடியாது. ஒன்றையே வைத்துக்கொண்டு சுழற்ற முயன்றால், இரண்டாவது கோரிக்கை புறப்படும் முன்பே ரத்தாகிவிடும்.

ரத்து செய்தவுடன் பழைய அவெயிட், "அபார்ட்-எரர்" என்ற பெயருடைய பிழையை வீசும். உடலைப் படித்துக்கொண்டிருக்கும்போது ரத்து செய்தாலும் அப்படித்தான். இது நீங்களே விரும்பி நிகழ்த்தியது என்பதால், கேட்சுக்குள் பிழையின் பெயரைப் பார்த்து, இதுவாக இருந்தால் பயனருக்கு எதையும் காட்டாமல் திரும்பிவிட வேண்டும்.

இதைச் சரியாக எழுதியவர்களும் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. "தேடுகிறது…" என்ற அறிவிப்பை மறைக்கும் வரியைப் பெரும்பாலும், வெற்றியோ பிழையோ எதுவானாலும் கடைசியில் இயங்கும் ஃபைனலி பகுதியில் எழுதுகிறோம். புதிய தேடல் தொடங்கும்போது அறிவிப்பைக் காட்டிவிட்டுப் பழையதை ரத்து செய்கிறீர்கள். ரத்தான பழைய செயற்கூறு, சிறிது தாமதித்து, தன் ஃபைனலிக்குள் நுழைந்து, புதிய தேடல் காட்டிய அறிவிப்பை மறைத்துவிடுகிறது. தேடல் நடந்துகொண்டிருக்கும்போதே பக்கம் அமைதியாகிவிட்டதுபோல் தோன்றுவது இதனால்தான். ஃபைனலிக்குள், "தற்போதைய கன்ட்ரோலர் இன்னும் என்னுடையதுதானா" என்று ஒப்பிட்டுப் பார்த்து, ஆம் என்றால் மட்டும் மறைக்க வேண்டும். இதே ஒப்பீட்டை முடிவுகளை வரையும் வரிக்கு முன்பும் வைத்துவிட்டால், இடையில் வேறு அவெயிட்டுகள் சேர்ந்தாலும் பழைய முடிவு திரைக்கு வராது.

உலாவியில் ரத்து செய்வதால் சேவையகத்தில் தொடங்கிவிட்ட வேலை நின்றுவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். இணைப்பு மூடப்பட்டதைக் கவனித்து வேலையை நிறுத்தும்படி அங்கே தனியாக எழுதியிருந்தால்தான் அது நிற்கும். ஆகவே படிக்கும் கோரிக்கைகளை ரத்து செய்வது பாதுகாப்பானது. சேமிக்கும் கோரிக்கையை ரத்து செய்துவிட்டு, "சேமிக்கப்படவில்லை" என்று பயனரிடம் சொல்வது பொய்யாகிவிடக்கூடும்.

தேடும் சொல்லை முகவரியோடு எப்படி ஒட்டுகிறீர்கள் என்பதை நீங்கள் சொல்லவில்லை. கூட்டல் குறியால் சரங்களை ஒட்டினால், பயனர் "&" குறியைத் தட்டும் நாளில் தேடல் பாதியில் வெட்டுப்படும். யுஆர்எல்-சர்ச்-பேரம்ஸ் பொருளைப் பயன்படுத்துங்கள். தமிழ்ச் சொற்களையும் அதுவே முறையாகக் குறியாக்கிவிடும். தமிழின் ஒவ்வொரு யூனிகோட் குறியும் யுடிஎஃப்-8-இல் 3 பைட்டுகள் எடுப்பதால், முகவரியில் அது 9 எழுத்துகளாக விரியும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். நீண்ட சொற்றொடர்களைத் தேடும்போது, முகவரியின் நீளத்துக்குச் சேவையகம் வைத்திருக்கும் வரம்பை நாம் நினைப்பதற்கு முன்பே தொட்டுவிடலாம்.

குறுக்குவழி எழுதியது:

சிஓஆர்எஸ் பிழைக்கு எளிய வழி ஒன்று இருக்கிறது. ஃபெட்சின் விருப்பங்களில் மோட் என்பதற்கு "நோ-சிஓஆர்எஸ்" என்று கொடுத்துப் பாருங்கள், கன்சோலில் சிவப்பு வரி மறைந்துவிடும்.

எல்லைக்கல் எழுதியது:

சிவப்பு வரி மறையும், அதோடு பதிலும் மறைந்துவிடும். அந்த மோட்டில் வேறு மூலத்திலிருந்து கிடைப்பது ஒளிபுகாப் பதில்: நிலைக் குறியீடு 0, ஓகே பொய், உடல் வெறுமை. போதாக்குறைக்கு, ஜேசன் என்ற கான்டென்ட்-டைப் ஹெட்டரையும் அந்த மோட்டில் அனுப்ப முடியாது. தரவைப் படிக்க விரும்பும் எவருக்கும் அது பயன்படாது.

கேட்டவருக்கு: நெறிமுறை, டொமைன், போர்ட் ஆகிய மூன்றும் ஒத்திருந்தால்தான் இரண்டு முகவரிகள் ஒரே மூலமாகக் கருதப்படும். போர்ட் மாறினாலும் வேறு மூலம்தான். போஸ்ட்மேனில் இயங்குவதில் வியப்பில்லை; இந்தக் கட்டுப்பாட்டைச் செயல்படுத்துவது உலாவி, அதுவும் தன் பயனரைக் காப்பதற்காக. ஒருவர் திறந்து வைத்திருக்கும் ஏதோ ஒரு பக்கம், அவருடைய குக்கிகளோடு இன்னொரு தளத்துக்குப் போய் அவருடைய தரவைப் படித்துவிடக் கூடாது என்பதே நோக்கம். போஸ்ட்மேனில் அப்படிப்பட்ட அந்நியப் பக்கம் எதுவும் இல்லை.

உங்கள் கெட் இயங்கி, போஸ்ட் இயங்காததற்கு இரண்டு காரணங்கள் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன. ஒன்று, கான்டென்ட்-டைப் ஜேசனாக இருப்பது. சாதாரண ஹெச்டிஎம்எல் படிவம் அனுப்பக்கூடிய மூன்று வகைகளைத் தவிர வேறு எந்த வகையைக் கொடுத்தாலும், உலாவி உண்மையான கோரிக்கைக்கு முன் ஆப்ஷன்ஸ் முறையில் ஒரு முன்னோட்டக் கோரிக்கையை அனுப்பி அனுமதி கேட்கும். இந்த முன்னோட்டத்தில் குக்கியோ ஆதரைசேஷன் ஹெட்டரின் மதிப்போ இருக்காது. சேவையகத்தில் உள்நுழைவைச் சரிபார்க்கும் அடுக்கு எல்லாவற்றுக்கும் முன்னால் நின்றால், அது இந்த முன்னோட்டத்தையே 401 என்று மறுத்துவிடும். உங்கள் போஸ்ட் புறப்படவே புறப்படாது. ஆகவே ஆப்ஷன்ஸ் கோரிக்கைக்குப் பதில் சொல்லும் பகுதி, உள்நுழைவுச் சரிபார்ப்புக்கு முன்னால் இருக்க வேண்டும். அந்தப் பதிலில் எந்த மூலம், எந்த முறை, எந்த ஹெட்டர்கள் அனுமதிக்கப்படுகின்றன என்பவற்றுக்கான ஹெட்டர்கள் இருக்க வேண்டும், நிலைக் குறியீடும் 200-களுக்குள் இருக்க வேண்டும்.

மற்றொன்று, குக்கி. ஃபெட்ச் தன்னியல்பாகச் சொந்த மூலத்துக்கு மட்டுமே குக்கியை அனுப்பும். வேறு மூலத்துக்கு அனுப்ப, கிரெடென்ஷியல்ஸ் என்பதற்கு "இன்க்ளூட்" என்று கொடுக்க வேண்டும். அப்படிக் கொடுத்த அக்கணமே நட்சத்திரக் குறி செல்லாததாகிவிடும். சேவையகம், அனுமதிக்கும் மூலத்தை முழு முகவரியாக எழுத வேண்டும். கிரெடென்ஷியல்ஸை அனுமதிக்கும் ஹெட்டரையும் "ட்ரூ" என்ற மதிப்போடு சேர்த்து அனுப்ப வேண்டும். அனுமதிக்கப்பட்ட மூலங்கள் பல இருந்தால், வந்த மூலத்தை ஒரு பட்டியலோடு ஒப்பிட்டு, அதில் இருந்தால் மட்டும் திருப்பி எழுதுங்கள். ஒப்பிடாமல் வந்ததை அப்படியே திருப்பி எழுதும் நிரல்களை அடிக்கடி பார்க்கிறேன். அது குக்கிகளோடு சேர்ந்த நட்சத்திரக் குறிதான், உலாவி எதைத் தடுக்க நினைத்ததோ அதைக் கொல்லைப்புறமாக உள்ளே விடுவதுதான்.

கன்சோலில் சிஓஆர்எஸ் என்று கண்டவுடன் அதுதான் நோய் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். சேவையக நிரல் நடுவில் உடைந்து 500 தரும்போது, பல அமைப்புகளில் சிஓஆர்எஸ் ஹெட்டர்களைச் சேர்க்கும் பகுதி இயங்காமலேயே போய்விடுகிறது. உலாவிக்குத் தெரிவது ஹெட்டர் இல்லை என்பது மட்டும். அது சிஓஆர்எஸ் பிழை என்று சொல்லிவிடும். உண்மையான காரணம் சேவையகத்தின் பதிவேட்டில் கிடக்கும். முன்னோட்டம் தேறிய பிறகும் பிழை தொடர்ந்தால் முதலில் அங்கே பாருங்கள்.

அரைப்புள்ளி எழுதியது:

மிக்க நன்றி. 302 வரி நெட்வொர்க் தாவலில் நீங்கள் சொன்ன இடத்திலேயே இருந்தது. தேடல் சேவையில் 401 தரும்படி மாற்றச் சொல்லிவிட்டேன். ஃபைனலி ஒப்பீட்டையும் சேர்த்துவிட்டேன். ஆப்ஷன்ஸ் கோரிக்கையைச் சரிபார்ப்பு அடுக்குதான் மறுத்துக்கொண்டிருந்தது.

தொடர்புடைய ஒன்றைக் கேட்டுவிடுகிறேன். இணைப்பு மெதுவாக இருக்கும்போது கோரிக்கை முடிவில்லாமல் தொங்கிக்கொண்டிருக்கிறது. காலவரம்பு வைத்து, தோற்றால் தானாகவே மறுபடி அனுப்பும்படி அந்தப் பொதுச் செயற்கூற்றிலேயே எழுதிவிடலாமா?

வலைநெசவு எழுதியது:

காலவரம்பை அங்கேயே எழுதலாம். ஃபெட்சுக்கென்று காலவரம்பு விருப்பம் எதுவும் கிடையாது. அபார்ட்-சிக்னலின் டைம்-அவுட் செயற்கூற்றுக்கு மில்லிநொடியில் எண்ணைக் கொடுத்து, கிடைக்கும் சிக்னலைப் பயன்படுத்த வேண்டும். அப்போது எழும் பிழையின் பெயர் "டைம்-அவுட்-எரர்", அபார்ட்-எரர் அல்ல. இந்த வேறுபாடு உங்களுக்கு வசதியானது: பயனர் புதிதாகத் தேடியதால் ரத்தானது எது, சேவையகம் தாமதித்ததால் ரத்தானது எது என்று பிரித்தறிந்து, பின்னதற்கு மட்டும் செய்தி காட்டலாம். இரண்டு சிக்னல்களையும் ஒன்றாக்க அபார்ட்-சிக்னலில் "எனி" என்ற செயற்கூறு இருக்கிறது. சற்றுப் பழைய உலாவிகளில் அது இல்லை. அவற்றையும் ஆதரிக்க வேண்டுமானால், உங்கள் கன்ட்ரோலரையே ஒரு செட்-டைம்-அவுட் வழியாக ரத்து செய்யுங்கள், காரணத்தை அபார்ட் செயற்கூற்றுக்கு உள்ளீடாகக் கொடுங்கள்.

மறுமுயற்சியைப் பொதுச் செயற்கூற்றில் எல்லாவற்றுக்கும் வைப்பதை நான் ஏற்கவில்லை. கெட் கோரிக்கையை எத்தனை முறை அனுப்பினாலும் சேவையகத்தின் நிலை மாறக் கூடாது என்பது ஹெச்டிடிபியின் விதி, ஆகவே அதை மறுபடி அனுப்பலாம். போஸ்ட் அப்படியல்ல. காலவரம்பு கடந்தது என்றால் பதில் வரவில்லை என்றுதான் தெரியும். சேவையகம் சேமித்துவிட்டுப் பதிலை அனுப்பும் வழியில் இணைப்பு அறுந்ததா, சேமிக்கவே இல்லையா என்பது தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு மறுபடி அனுப்பினால் ஒரே பதிவு இருமுறை விழும். போஸ்டையும் மறுபடி அனுப்பியே ஆக வேண்டும் என்றால், ஒவ்வொரு செயலுக்கும் தனித்த அடையாள எண் ஒன்றை உலாவியிலேயே உருவாக்கி ஹெட்டரில் அனுப்புங்கள்; மறுமுயற்சியிலும் அதே எண் போக வேண்டும், ஏற்கெனவே கண்ட எண்ணைச் சேவையகம் புறக்கணித்துப் பழைய பதிலையே திருப்பித் தர வேண்டும். சேவையகத்தின் ஒத்துழைப்பு இல்லாமல் இது நடவாது.

கெட் கோரிக்கைகளிலும் எல்லாப் பிழைக்கும் மறுமுயற்சி கூடாது. 400, 401, 404 ஆகியவை எத்தனை முறை கேட்டாலும் அதே பதிலைத்தான் தரும். இணைப்புப் பிழை, 429 (கோரிக்கைகள் மிகுந்துவிட்டன), 502, 503, 504 (சேவையகத் தரப்புக் கோளாறுகள்) ஆகியவற்றுக்கு மட்டும், இடைவெளியை ஒவ்வொரு முறையும் இரட்டிப்பாக்கி, அதில் சிறிதளவு தற்செயல் எண்ணையும் கலந்து அனுப்புங்கள். சேவையகம் ஒருமுறை விழுந்து எழும்போது, அதுவரை காத்திருந்த எல்லா உலாவிகளும் ஒரே நொடியில் வந்து மோதினால் அது மறுபடி விழும். தற்செயல் எண் அதைத் தவிர்ப்பதற்காகத்தான்.

429 மற்றும் 503 பதில்களில் ரீட்ரை-ஆஃப்டர் ஹெட்டர் இருந்தால், உங்கள் கணக்கை விட்டுவிட்டு அது சொல்லும் நேரம் வரை காத்திருங்கள். அதில் நொடிகளின் எண்ணிக்கையும் வரலாம், முழுத் தேதியும் வரலாம். இரண்டையும் கையாள வேண்டும். விருப்பப் பட்டியல் சேவை வேறு மூலம் என்பதால், எக்ஸ்போஸ்-ஹெட்டர்ஸ் என்ற சிஓஆர்எஸ் ஹெட்டரில் ரீட்ரை-ஆஃப்டரின் பெயரை அந்தச் சேவை குறிப்பிடாதவரை, நெட்வொர்க் தாவலில் அது உங்கள் கண்ணுக்குத் தெரிந்தாலும் நிரலுக்கு நல் என்றே கிடைக்கும்.